முன்னும் இல்லை, பின்னும் இல்லை, சோற்றோடு

மருந்துக் கடையில் மாத்திரையைப் போட்டுத் தரும் சின்னக் காகித உறையைப் பார்த்திருப்பீர்கள். காலை, மதியம், இரவு என்று மூன்று கட்டம். அதன் கீழே ‘சாப்பாட்டுக்கு முன்’, ‘சாப்பாட்டுக்குப் பின்’ என்று இரண்டு கட்டம். கடைக்காரத் தம்பி ஏதோ ஒன்றில் டிக் அடித்து நீட்டிவிடுவார். கணையம் கெட்டு, சாப்பிட்டதைக் கரைக்கும் நொதி சுரக்காமல் போனதால் நான் தினமும் விழுங்கும் கணைய நொதிக் கேப்சூலுக்கு அந்த இரண்டு கட்டமுமே பொருந்தாது. அது சாப்பிடும்போது, சோற்றோடு சோறாக உள்ளே போக வேண்டிய சரக்கு. எனக்கு முதன்முதலில் வந்த உறையில் ‘பின்’ என்ற கட்டத்தில் டிக் இருந்தது. அந்த ஒரு டிக்கால் சில மாதங்கள் மருந்தும் வீண், காசும் வீண். இந்த நோயைப் பற்றி நான் சொல்ல நினைப்பதில் பாதிக்கு மேல் அந்த டிக்கைப் பற்றித்தான்.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தண்டையார்பேட்டையில் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டு, அங்கேயே தையல் மெஷின் போட்டுப் பிழைப்பவள். பள்ளிக்கூட நாட்களிலேயே அடிக்கடி மேல்வயிற்றில் வலி வரும். முதுகுவரை குடைந்துகொண்டு போகும். அம்மா அதைச் சூட்டு வலி என்பாள். தொப்புளில் விளக்கெண்ணெய், வெந்தயத் தண்ணீர், இளநீர். இரண்டு நாளில் தானாக அடங்கும். இளவயதிலேயே சர்க்கரை வந்தது. குண்டாக இருப்பவர்களுக்குத்தானே சர்க்கரை வரும், ஒட்டடைக்குச்சியாட்டம் இருக்கிற உனக்கு எப்படி என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். பிறகு எடை இறங்க ஆரம்பித்தது. நன்றாகத்தான் சாப்பிடுவேன், சொல்லப்போனால் வீட்டில் மற்றவர்களைவிட அதிகமாக. ஆனாலும் தைத்துக்கொண்ட ஜாக்கெட்டை நானே பிரித்துப் பிடித்துத் தைக்க வேண்டியிருந்தது.

உண்மையான தடயம் கக்கூஸில் கிடந்தது. இதை நாசூக்காகச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. நாசூக்குப் பார்த்துத்தான் பலருக்கு வருடக்கணக்கில் இந்த நோய் பிடிபடாமல் போகிறது.

நாங்கள் இருந்தது ஒண்டுக் குடித்தனம். வரிசையாக வீடுகள், கோடியில் பொதுக் கக்கூஸ், வாசலில் அடிபம்பு. தண்ணீரைக் குடக் கணக்கில் பங்கு போட்டுக்கொள்ளும் இடத்தில், ஒருத்திக்கு மட்டும் நான்கு வாளி தேவைப்பட்டால் என்ன நடக்கும் என்று வடசென்னைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. “இன்னாக்கா, ஒரு பக்கெட் தண்ணி ஊத்திட்டு வர மாட்டியா?” என்று பக்கத்து வீட்டுப் பெண் கேட்டாள். நான் ஊற்றிவிட்டுத்தான் வந்திருந்தேன். போகவில்லை. வெளிறிய மஞ்சள் நிறம், கொழகொழவென்று அளவில் அதிகம், பீங்கானில் அப்பிக்கொள்ளும், தேய்த்தாலும் வழுக்கும். தண்ணீரின் மேலே, மீன் குழம்பு ஆறியதும் மிதக்குமே, அந்த மாதிரி எண்ணெய்த் திட்டுத் திட்டாக நிற்கும். நாற்றம் சாதாரண நாற்றம் இல்லை, கெட்டுப்போன எண்ணெயின் நெடி. வரிசையில் அடுத்து நிற்பவர் முகத்தைப் பார்க்காமல் வெளியே வருவதற்கென்றே விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து போவேன்.

மிதப்பதை மட்டும் வைத்து யாரும் பயந்துவிட வேண்டாம்; வாயு அதிகமாக இருந்தாலும் மிதக்கும். எண்ணெய்ப் படலம், வெளிறிய நிறம், நெடி, கூடவே எடை இறக்கம், இவை சேர்ந்து வந்து வாரக்கணக்கில் நீடித்தால்தான் யோசிக்க வேண்டும்.

மருத்துவரிடம் போய் நாம் சொல்வது என்ன? “வயித்தால போவுது டாக்டர்.” அவ்வளவுதான். அவரும் வயிற்றுப்போக்குக்கு எழுதிக் கொடுப்பார், உப்புச் சர்க்கரைக் கரைசல் குடிக்கச் சொல்வார். எனக்கு அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் ஒரு இளம் டாக்டரம்மா, “ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்பது இருக்கட்டும், பார்க்க எப்படி இருக்கிறது?” என்று கேட்டார். மறுமுறை போகும்போது செல்போனில் படம் எடுத்துக்கொண்டே போய்விட்டேன். அதைக் காட்டக் கை கூசியது. அவர் கூசவில்லை, பெரிதாக்கிப் பார்த்துவிட்டு உடனே ஸ்கேனுக்கு எழுதினார். யாருக்காவது இந்தச் சந்தேகம் இருந்தால் வெட்கத்தை வீட்டில் விட்டுவிட்டுப் படத்தோடு போங்கள். நிறம், எண்ணெய், நாற்றம், எத்தனை வாளி, எவ்வளவு எடை குறைந்தது: இதைத்தான் சொல்ல வேண்டும்.

ஸ்கேனில் கணையம் சுருங்கிப்போய், குழாய் நெடுகக் கற்கள் இருப்பது தெரிந்தது. அடுத்து எல்லோரும் கேட்ட கேள்வி, “குடிப்பீங்களா?” டாக்டர் கேட்பது நியாயம், இந்த நோய்க்கு, அதாவது நாள்பட்ட கணைய அழற்சிக்கு, உலகம் முழுக்கக் குடி ஒரு பெரிய காரணம், சிகரெட் இன்னொன்று. ஆனால் விஷயம் கசிந்ததும் தெருவும் அதையே கேட்டது. எங்கள் பக்கத்தில் ஒரு ஆணுக்குக் கணையம் கெட்டது என்றால் டாஸ்மாக்கைக் கைகாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். பெண்ணுக்கு என்றால் கண்ணாலேயே விசாரணை நடக்கும்.

குடியே தொடாதவர்களுக்கும் இது வரும். நம் தென்னிந்தியாவில் பல காலமாகக் காணப்படும் ஒரு வகைக்கு வெப்பமண்டலக் கணைய அழற்சி என்று பெயர். 1959-இல் இந்தோனேசியாவில் சுய்டெமா என்ற மருத்துவர் இதைப் பற்றி எழுதினார். அதற்குப் பிறகு கேரளத்தில் மருத்துவர் கீவர்கீஸ் ஏராளமான நோயாளிகளைப் பார்த்துப் பதிவு செய்தார். சிறுவயதில் வயிற்றுவலி, இளவயதில் சர்க்கரை, கணையத்தில் கல், கொழுப்பாகப் போகும் மலம். படிக்கும்போது என் ஜாதகத்தை யாரோ எழுதி வைத்தது போல இருந்தது. மரவள்ளிக் கிழங்கு சாப்பிடுவதால் வருகிறது என்று ஒரு காலத்தில் சொன்னார்கள்; அது நிரூபணமாகவில்லை. மரபணுவுக்குப் பங்கு உண்டு, முக்கியமாக ஸ்பின்க்1 என்ற மரபணுவில் வரும் மாற்றத்துக்கு, என்று பின்னால் தெரியவந்தது. இதோடு வரும் சர்க்கரையை உலக சுகாதார நிறுவனம் 1985-இல் சத்துக்குறைவால் வரும் சர்க்கரை என்ற தலைப்பில் போட்டது. 1990களின் கடைசியில் அதைக் கணைய நோயால் வரும் சர்க்கரை என்று மாற்றியது.

இந்த விஷயத்தில் எங்கள் வட்டாரத்துக்கு ஒரு பெருமையும் உண்டு. இந்தியாவில் சர்க்கரை நோய்க்கென்று தனி வைத்தியம் வளர்ந்ததே ராயபுரம் பக்கம்தான். பேராசிரியர் எம். விஸ்வநாதன் 1948-இல் ஸ்டான்லி மருத்துவமனையில் சர்க்கரைக்கென்று தனிப் பிரிவு தொடங்கினார். 1954-இல் ராயபுரத்தில் தனி மருத்துவமனையே ஆரம்பித்தார். ஒல்லியாக இருக்கும் இளம் சர்க்கரைக்காரருக்கு வயிற்றுவலியும் இருந்தால் வயிற்றை ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது என்ற பழக்கம் இந்த ஊர் டாக்டர்களிடம் அந்தக் காலத்திலிருந்தே உண்டு. கணையக் கல் எக்ஸ்ரேயிலேயே வெள்ளையாகத் தெரியும்.

சரி, உள்ளே நடப்பது என்ன? கணையத்துக்கு இரண்டு வேலை. ஒன்று இன்சுலினை ரத்தத்தில் விடுவது. இன்னொன்று, சாப்பிட்டதைக் கரைக்கும் நொதிகளைச் சிறுகுடலின் தொடக்கத்தில் விடுவது: கொழுப்புக்கு லைபேஸ், புரதத்துக்குப் புரோட்டியேஸ், மாவுச்சத்துக்கு அமைலேஸ். கூடவே வயிற்று அமிலத்தைத் தணிக்கும் பைகார்பனேட்டையும் அதுதான் கொடுக்கிறது. இரண்டாவது வேலை நின்றுபோவதைத்தான் டாக்டர்கள் சீட்டில் ஈ.பி.ஐ. என்று எழுதுகிறார்கள். மாவுச்சத்தை எச்சிலும், புரதத்தை இரைப்பையும் கொஞ்சம் சமாளித்துவிடும். கொழுப்புக்குத்தான் அவ்வளவாக மாற்று ஏற்பாடு இல்லை. அதனால் அதுதான் முதலில் அப்படியே வெளியே வருகிறது. ஆனால் கணையம் மகா பொறுமைசாலி. லைபேஸ் சுரப்பு பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போன பிறகுதான் மலத்தில் எண்ணெய் கண்ணுக்குத் தெரியும்.

இதை உறுதிசெய்ய, மலத்தில் எலாஸ்டேஸ் என்ற கணைய நொதி எவ்வளவு என்று அளக்கும் பரிசோதனை இருக்கிறது. கொஞ்சம் மாதிரி கொடுத்தால் போதும். ஒரு கிராமுக்கு 200 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் சரி. 100-க்குக் கீழே என்றால் கணையக் குறைபாடு இருக்க நல்ல வாய்ப்பு. நடுவில் வந்தால் டாக்டர் மற்றதையும் சேர்த்துப் பார்ப்பார். இதில் கவனிக்க வேண்டிய ஒன்று: தண்ணீராகப் போகும் நாளில் மாதிரி கொடுத்தால் அளவு பொய்யாகக் குறைந்து காட்டும். கொஞ்சமாவது கெட்டியாகப் போகும் நாளாகப் பார்த்துக் கொடுக்க வேண்டும். கேப்சூல் ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் நிறுத்தத் தேவையில்லை. இந்தப் பரிசோதனை மனிதக் கணையத்தின் எலாஸ்டேஸை மட்டுமே எண்ணும், கேப்சூலில் இருப்பதை எண்ணாது.

இனி கேப்சூல். கிரியான் என்ற பெயரைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். வேறு கம்பெனிகளும் செய்கின்றன. உள்ளே கடுகளவு சின்னச் சின்ன உருண்டைகள். ஒவ்வொன்றுக்கும் மேலே அமிலம் தின்னாத ஒரு பூச்சு. இரைப்பையில் கேப்சூல் திறந்து, உருண்டைகள் சாப்பாட்டோடு கலந்து, சாப்பாட்டோடே சிறுகுடலுக்கு இறங்கி, அங்கே அமிலம் தணிந்ததும் பூச்சு கரைந்து வேலையைத் தொடங்க வேண்டும். சாப்பிடுவதற்கு அரைமணி முன்பே விழுங்கினால் சாப்பாடு வருவதற்குள் உருண்டைகள் இறங்கிப் போய்விடும். சாப்பிட்டுக் கை கழுவி, பாத்திரம் விளக்கி, டிவி முன்னால் உட்கார்ந்து விழுங்கினால் சாப்பாடு ஏற்கெனவே இறங்கியிருக்கும். இரண்டு பேரும் ஒரே பஸ்ஸைப் பிடித்தால்தான் காரியம் நடக்கும்.

நான் செய்வது இதுதான். தட்டில் சோறு விழுந்ததும் பக்கத்திலேயே கேப்சூலும் தண்ணீரும். முதல் கவளத்தோடு ஒன்று. பாதி சாப்பாட்டில், அதாவது குழம்புச் சோறு முடிந்து ரசத்துக்குப் போகும் இடத்தில், இன்னொன்று. கல்யாணப் பந்தி போல இழுத்தடிக்கும் சாப்பாடு என்றால் டாக்டர் சொன்ன மொத்தத்தை மூன்றாகப் பிரித்துக்கொள்வேன். கடிக்கக் கூடாது, பொடிக்கக் கூடாது. பூச்சு போனால் அமிலத்தில் மருந்து செத்துவிடும், வாயும் புண்ணாகும். விழுங்க முடியாத பெரியவர்களுக்குக் கேப்சூலைத் திறந்து, மசித்த ஆப்பிள் போலக் கொஞ்சம் புளிப்பான, சூடில்லாத எதிலாவது உருண்டைகளைக் கலந்து உடனே கொடுத்துத் தண்ணீர் குடிக்க வைக்கலாம். சூடான ரசத்திலோ பாலிலோ போடக் கூடாது. மறந்துபோய்ச் சாப்பாடு முடிந்து நேரமும் ஆகிவிட்டால் அந்த வேளை போனது போனதுதான். அடுத்த வேளைக்கு இரட்டிப்பாக விழுங்கி ஈடுகட்ட முடியாது. அடுத்த வேளைச் சோற்றுக்கு அடுத்த வேளை மருந்து.

அளவில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். 10,000 யூனிட் ஒன்றைக் காலையிலும் இரவிலும் போட்டுவிட்டு “மருந்து கேட்கவில்லை” என்பார்கள். பெரியவர்களுக்கு ஒரு முழுச் சாப்பாட்டுக்குக் குறைந்தது 40,000 யூனிட் லைபேஸ், சிற்றுண்டிக்கு அதில் பாதி என்று தொடங்குவதுதான் அமெரிக்கக் குடலியல் சங்கம் 2023-இல் சொன்ன வழிமுறை. எனக்கும் கிட்டத்தட்ட அதே கணக்கில் ஏற்றிய பிறகுதான் எண்ணெய் நின்றது. மேல் வரம்பும் உண்டு: உடல் எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 10,000 யூனிட்டைத் தாண்டக் கூடாது என்பார்கள். 1990களில் மிக அதிக அளவு கொடுக்கப்பட்ட குழந்தைகளுக்குப் பெருங்குடல் தடித்துச் சுருங்கியதைப் பார்த்துப் போட்ட வரம்பு அது. ஆகவே கூட்டுவதும் குறைப்பதும் டாக்டர் கையில். அட்டையில் மில்லிகிராமைப் பார்க்காதீர்கள், லைபேஸ் யூனிட்டைப் பாருங்கள். கிரியானில் 150 மி.கி. என்பது 10,000 யூனிட், 300 மி.கி. என்பது 25,000. கடையில் 300 இல்லை, 150 ரெண்டு தருகிறேன் என்றால் 5,000 யூனிட் குறைகிறது. கணக்குப் பிள்ளை வேலை இது, வேறு வழியில்லை.

செரிமான டானிக் என்று கடையில் விற்கும் இனிப்புச் சிரப்புகள் இதற்கு மாற்றே இல்லை. என் அத்தை ஒரு பாட்டிலை வாங்கி வந்து, “இதுவும் என்சைம்தானே, விலையும் கம்மி” என்றார். அதில் இருப்பது பெரும்பாலும் மாவையும் புரதத்தையும் கரைக்கும் நொதி. நமக்குப் பற்றாக்குறை லைபேஸில். அத்தை அதை மாமாவுக்குக் கொடுத்துவிட்டார், அவருக்குப் பிடித்திருந்தது.

எந்தச் சாப்பாட்டுக்குக் கேப்சூல், எதற்கு வேண்டாம்? கொழுப்பும் புரதமும் இருந்தால் வேண்டும். பால் போட்ட டீக்கும் கொஞ்சம் வேண்டும். டீயோடு பஜ்ஜியோ பட்டர் பிஸ்கட்டோ என்றால் கட்டாயம். பால் போடாத டீ, வெறும் எலுமிச்சைத் தண்ணீர், ஒரு கொய்யா, தர்பூசணித் துண்டு: இதற்கெல்லாம் தேவையில்லை. சர்க்கரை நோய் இருப்பதால் பழத்தின் அளவைத் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு இட்லி சாம்பாருக்குப் போதுமான அளவு, நெய் மிதக்கும் பொங்கலுக்கோ வடகறியோடு செட் தோசைக்கோ போதாது. ஆடி மாதம் தெருவில் கூழ் ஊற்றும்போது வெறும் கூழ் லேசானது. அதன் பின்னாலேயே வரும் கருவாட்டுக் குழம்பும் முருங்கைக்கீரைப் பொரியலும்தான் கேப்சூலைக் கேட்கும். பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ் சாப்பிடப் போனால், பொரித்த வெங்காயமும் எண்ணெயும் எவ்வளவு என்று பார்த்துத்தான் பையில் கை போகும். பையில் எப்போதும் சின்ன டப்பா உண்டு. கடையில் நின்று சாப்பிடும்போது “இன்னா மாத்திர அது?” என்று கேட்பவர்களுக்கு “ஜீரண மாத்திரை” என்று சொல்லி முடித்துவிடுவேன்.

எண்ணெயே வேண்டாம், நெய்யே வேண்டாம், கஞ்சியும் ஊறுகாயும் போதும் என்று இந்த நோய்க்காரர்களைப் பட்டினி போடுகிற வீடுகள் நிறைய. வெளியே எண்ணெய் போகிறது, அதனால் உள்ளே எண்ணெய் போடாதே என்பது பார்த்தால் சரியான வாதம் மாதிரிதான் இருக்கிறது. ஆனால் அப்படிச் செய்தால் ஏற்கெனவே இளைத்தவர் இன்னும் இளைப்பார். கொழுப்பைத் தள்ளி வைப்பது வைத்தியம் இல்லை. கொழுப்புக்கேற்ற நொதியைக் கூடவே அனுப்புவதுதான் வைத்தியம். அதற்காக ஒரே வேளையில் பரோட்டா, சால்னா, ஆம்லெட் என்று கட்டக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு வேளை. காசிமேட்டில் வாங்கும் சங்கரா, நெத்திலி, கிழங்கான் எல்லாம் எனக்கு நன்றாக ஒத்துக்கொள்கிறது. குழம்பாக வைத்தால் இன்னும் நல்லது. முட்டை, பருப்பு, தயிர் தினமும். தவிடும் சத்துமாவுமாக நார்ச்சத்தை அளவுக்கு மீறி ஏற்றினால் அது நொதியின் வேலையைக் கெடுக்கும் என்றும் டாக்டர் சொன்னார். குடியும் சிகரெட்டும் அறவே கூடாது; மிச்சமிருக்கும் கணையத்தையும் அவை தின்றுவிடும்.

சரியான அளவு, சரியான நேரம், இரண்டும் இருந்தும் எண்ணெய் நிற்கவில்லை என்றால் மருந்தைத் திட்டுவதற்கு முன் டாக்டர் வேறு சிலதைப் பார்ப்பார். பைகார்பனேட் குறைந்ததால் சிறுகுடலே அமிலமாக இருந்தால் பூச்சு கரையாது. அதற்குத்தான் கூடவே அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை. அது சாப்பாட்டுக்கு முன். ஆக என் வீட்டில் ஒன்று ‘முன்’, ஒன்று ‘போது’. சிறுகுடலில் கிருமி பெருகியிருந்தாலும், குடலில் வேறு நோய் இருந்தாலும் இதே மாதிரிப் போகும். இன்னொரு எதிரி வெயில். அட்டையில் 25 டிகிரிக்குள் வைக்கச் சொல்லியிருக்கும். கத்திரி வெயிலில் ஷீட் போட்ட வீட்டுக்குள் 25 டிகிரியை எங்கே தேடுவது? அடுப்புப் பக்கம், டிவி மேலே, வண்டி சீட்டுக்கு அடியில், இந்த மூன்று இடத்திலும் வைக்காமல், தண்ணீர்ப் பானைக்குச் சற்றுத் தள்ளி ஈரம் படாத கீழ் அலமாரியில் டப்பாவை இறுக மூடி வைக்கிறேன். கோடையில் ஒரு மாதத்துக்கு மேல் வாங்கிச் சேர்ப்பதில்லை.

பேச வேண்டிய இன்னொரு விஷயம். இந்த நொதி பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கப்படுவது. யாரும் உறையில் எழுதித் தருவதில்லை. வெளிநோயாளி வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஒரு மண்ணடிப் பெரியவருக்கு அது யாரோ சொல்லித் தெரிந்து, விழுங்கவும் மனமில்லாமல், விடவும் முடியாமல் தவித்தார். “பாய், உங்க பள்ளிவாசல்ல ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க, டாக்டர் கிட்டயும் மனசு விட்டுச் சொல்லுங்க” என்றேன். அவர் கேட்டிருக்கிறார். உயிருக்கு அவசியம், இதற்குச் சமமான மாற்றும் இல்லை என்றால் தடையில்லை என்று ஹஜ்ரத் சொன்னதாக அடுத்த முறை பார்த்தபோது சொன்னார். சைவம் மட்டுமே சாப்பிடுபவர்களுக்கும் இதே சங்கடம் உண்டு. முன்கூட்டியே சொல்லி, யோசித்து முடிவெடுக்க விடுவதுதான் மரியாதை. சொல்லாமல் கொடுத்து, பாதியில் தெரிந்து நிறுத்துவதில்தான் ஆபத்து.

சர்க்கரை உள்ளவர்கள் இந்தப் பத்தியை இரண்டு தடவை படியுங்கள். கேப்சூல் சரியாக வேலை செய்ய ஆரம்பித்ததும் என் சர்க்கரை ஏறியது. பயந்துபோய்க் கேப்சூலை நிறுத்திவிடலாமா என்று கேட்டேன். “இத்தனை நாள் சாப்பாடு உடம்பில் சேரவில்லை, இப்போது சேர்கிறது, இன்சுலினை அதற்கேற்ற மாதிரி மாற்றுவோம்” என்றார் டாக்டர். இதன் மறுபக்கம் இன்னும் மோசம்: இன்சுலின் போட்டாயிற்று, சாப்பிட்டும் ஆயிற்று, கேப்சூல் மட்டும் மறந்துபோனது என்றால் சாப்பாடு சேராமல் சர்க்கரை சரேலென்று இறங்கும். கணையம் கெட்டு வரும் சர்க்கரையில், இறங்கும் சர்க்கரையைத் தூக்கிவிடும் குளுக்ககான் என்ற சுரப்பும் குறைவு. அதனால் தாழ்ந்தால் எழுவது கடினம். ராத்திரி இரண்டு மணிக்கு வியர்த்துக் கொட்டிக் கை நடுங்கி எழுந்திருக்கிறேன். தலைமாட்டில் குளுக்கோஸ் பொடியும் தண்ணீரும் இல்லாமல் இப்போது படுப்பதில்லை. வீட்டில் இருப்பவர்களுக்கும் சொல்லி வைத்திருக்கிறேன்: பேச்சு குழறினால் முதலில் குளுக்கோஸ், பிறகு கேள்வி. விழுங்க முடியாத நிலையில் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டும்.

கொழுப்போடு சேர்ந்துதான் ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் உடம்பில் ஏறும். கொழுப்பு போனால் அவையும் போகும். ஏ குறைந்தால் அந்தியில் பார்வை மங்கும். எனக்கு ஊசியில் நூல் கோர்ப்பது சிரமமானது, வயதாகிவிட்டது என்று விட்டிருந்தேன். கே குறைந்தால் லேசாக இடித்தாலும் கன்றிப்போகும், ஈறில் ரத்தம் வரும். டி குறைந்தால் எலும்பு. வைட்டமின் அளவையும் எலும்பு அடர்த்தி ஸ்கேனையும் தொடக்கத்தில் ஒருமுறை எடுத்துவிட்டு, எலும்பு ஸ்கேனை ஓரிரு வருடத்துக்கு ஒருமுறை திரும்பப் பார்க்கச் சொல்கிறார்கள். நீங்களாகக் கேட்டால்தான் சில இடத்தில் எழுதித் தருவார்கள், கேளுங்கள்.

காசு விஷயம் சங்கடம்தான். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் ஆஸ்பத்திரியில் சேர்த்துச் செய்யும் சிகிச்சைக்கு உதவும். தினமும் விழுங்கும் கேப்சூலுக்கு அதை நம்பியிருக்க முடியாது. ஸ்டான்லியிலும் சென்ட்ரல் எதிரே இருக்கும் பெரியாஸ்பத்திரியிலும் குடலியல் துறை இருக்கிறது. அங்கே காட்டிக்கொண்டு, எந்த மருந்து உள்ளேயே கிடைக்கிறது என்று ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்ள வேண்டும். வெளியே வாங்குவதென்றால் அதே யூனிட், அதே மாதிரிப் பூச்சுப் போட்ட உருண்டை, விலை குறைந்த வேறு கம்பெனி சரக்கு உண்டா என்று டாக்டரிடமே கேட்டு எழுதி வாங்குங்கள். கட்டுப்படியாகவில்லை என்று நாமாகவே எல்லா வேளையிலும் பாதி பாதியாகக் குறைப்பதைவிட, எந்த வேளைக்கு எவ்வளவு முக்கியம் என்று அவரிடம் மனம்விட்டுப் பேசுவது மேல். நான் பேசினேன், காலையில் லேசான டிபன், மதியம் பெரிய சாப்பாடு என்று தட்டை மாற்றி அமைத்ததில் மாதச் செலவு கொஞ்சம் இறங்கியது.

எடை ஏற ஆறு மாதத்துக்கு மேல் பிடித்தது. தெருமுனைக் கடைத் தராசில் மாதம் ஒருமுறை ஏறி, தையல் அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்துக்கொள்கிறேன். அந்தப் பக்கம் எதற்கென்றால், நாள்பட்ட கணைய அழற்சி உள்ளவர்களுக்கு, முக்கியமாக இந்த வெப்பமண்டல வகைக்கு, கணையப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். கேப்சூல் ஒழுங்காகப் போட்டுக்கொண்டிருக்கும்போதே திரும்ப இளைத்தால், கண் மஞ்சளித்தால், முதுகுவலி புதிதாகவோ வேறு மாதிரியாகவோ வந்தால், நீயாகக் கேப்சூலைக் கூட்டிப் பார்க்காதே, நோட்டை எடுத்துக்கொண்டு நேராக வா என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.